இடிமேகத்தின் காலடியில் ஒரு கார்

"புலி வருது, புலி வருது" என்று கத்திய ஆட்டுக்காரப் பையன் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். பொய் சொல்லிப் பழகினால் உண்மை சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அதன் நீதி. எனக்கு அந்தக் கதையில் வெகு நாளாக ஒரு சந்தேகம் உண்டு. பையன் பொய்தான் சொன்னான் என்று நாம் ஏன் முடிவு கட்ட வேண்டும்? புதர் உண்மையிலேயே அசைந்திருக்கலாம். உள்ளே இருப்பது நரியா, புலியா என்று அவன் நின்ற இடத்திலிருந்து தெரியாமல் இருந்திருக்கலாம். புலியாகவே இருந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் கத்தியிருக்கலாம். அப்படியானால் அவனுக்குத் தேவை புத்திமதி அல்ல. புதருக்குள் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி.

அமெரிக்காவின் நடுப் பகுதியில், ஓக்லஹோமா, கான்சாஸ், மிசோரி போன்ற மாநிலங்களில் வேலை பார்க்கும் வானிலை அதிகாரிகள் அந்தப் பையனின் நிலையில்தான் இருக்கிறார்கள். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் எழும் இடிமேகங்கள் சில சமயம் தரைவரைக்கும் ஒரு சுழலை இறக்கிவிடும். அதைத்தான் டொர்னாடோ என்கிறார்கள். நம் வங்கக் கடலில் உருவாகும் புயல் வேறு, இது வேறு. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் ஒரு தெருவையே துடைத்துவிடும். அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன.

2011 மே 22 அன்று மிசோரி மாநிலத்து ஜாப்ளின் நகரத்தில் ஒரு டொர்னாடோ புகுந்தது. 158 பேர் அதில் நேரடியாக இறந்தார்கள். எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நகருக்குள் புகுவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் முன்னாலேயே கொடுத்தார்கள். அபாயச் சங்கும் ஊதினார்கள். பிறகு அரசு நடத்திய ஆய்வில் தெரிய வந்த விஷயம்தான் மனதை வருத்துகிறது. சங்கு ஊதியதும் பலர் உடனே பதுங்கவில்லை. 'அடிக்கடி ஊதுகிற சங்குதானே' என்று வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டார்கள், இன்னொரு அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த மக்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்த ஆண்டுகளில் நாடு முழுவதும் கொடுத்த டொர்னாடோ எச்சரிக்கைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் டொர்னாடோ இறங்கவே இல்லை. நான்கு முறையில் மூன்று முறை புலி வராவிட்டால், நீங்களும் நானும் என்ன செய்வோம்?

நான் இன்று எழுத வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான். கூரை மேல் கருவிகளைப் பொருத்திக்கொண்டு இடிமேகத்தை நோக்கிக் கார் ஓட்டுகிற ஆராய்ச்சியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை சாகசப் பிரியர்கள் என்றும், அரசாங்கப் பணத்தில் ஊர் சுற்றுகிறவர்கள் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. என் கருத்து வேறு. ஆட்டுக்காரப் பையனுக்காகப் புதரின் அருகில் போய்ப் பார்த்து வருகிற வேலை அது. யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை.

'ரேடார் இருக்கிறதே, செயற்கைக்கோள் இருக்கிறதே, பிறகு எதற்குக் கார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் சுமார் 160 டாப்ளர் ரேடார்கள் நாடு முழுவதும் நிற்கின்றன. மேகத்துக்குள் மழைத்துளிகள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்று அவை காட்டும். ஆகவே மேகம் சுழல்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆனால் ரேடார் கதிர் நேர்க்கோட்டை ஒட்டிப் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. அத்தோடு கதிரைக் கொஞ்சம் மேல்நோக்கித்தான் அனுப்ப முடியும். அரை டிகிரி சாய்வில் அனுப்பினால், 100 கிலோமீட்டர் தள்ளி அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். நம் வீடும், பள்ளிக்கூடமும், மாட்டுத் தொழுவமும் இருப்பது தரையில். ஒருவருடைய தலையை மட்டும் பார்த்து, அவர் காலில் செருப்பு இருக்கிறதா என்று சொல்லச் சொன்னால் எப்படி?

இன்னொரு விஷயம். ரேடாரில் சுழற்சி தெரிந்த மேகங்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். அவற்றில் டொர்னாடோ இறக்கியவை கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான். மற்ற மூன்றும் மேலே கம்பீரமாகச் சுற்றிவிட்டுக் கலைந்து போயின. எது இறக்கும், எது இறக்காது என்பதுதான் கேள்வி. அந்த விடை மேலே இல்லை, மேகத்தின் காலடியில், தரையை ஒட்டிய காற்றில் இருக்கிறது என்று அறிஞர்கள் நினைத்தார்கள்.

'சரி, தரையிலேயே வானிலை நிலையங்கள் வைக்கலாமே' என்றால், வைத்திருக்கிறார்கள். ஓக்லஹோமா மாநிலம் 1994-ல் தொடங்கிய வலைப்பின்னலில் 120 நிலையங்கள் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்கும்; ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு வரும். உலகத்தில் பல நாடுகள் பொறாமைப்படும் ஏற்பாடு. ஆனாலும் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 30 கிலோமீட்டர். சில நூறு மீட்டர் அகலமுள்ள சுழல் அந்த இடைவெளியில் சத்தமில்லாமல் புகுந்து போய்விடும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் மட்டும் அல்ல. பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் இருந்தபோது தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானி அளவைப் பதிவேட்டில் ஏற்றுவது எங்கள் வழக்கம். சித்திரை, வைகாசியில் வெப்பச்சலன மழை பெய்யும் நாட்களில் ஏரிக்கு ஒரு பக்கம் கொட்டித் தீர்த்திருக்கும், மழைமானி இருக்கும் பக்கம் மண் நனைந்திருக்காது. ஒரு தடவை விவசாயி ஒருவர் பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வயல்ல வரப்பு உடைஞ்சு கிடக்கு, நீங்க மழையே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே சார்" என்றார். பதிவேடு பொய் சொல்லவில்லை. கருவி நின்ற இடத்தில் மழை இல்லை, அவ்வளவுதான். ஓரிடத்தில் நிற்கும் கருவி, தன்னைத் தேடி வருகிறதை மட்டுமே அளக்கும். இடிமழை யாரையும் தேடி வராது.

ஆகவே கருவிதான் மழையைத் தேடிப் போக வேண்டும். இந்த எண்ணம் புதிதல்ல. 1755-ல் மேரிலாந்தில் குதிரையில் போய்க்கொண்டிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், வழியில் ஒரு சுழற்காற்று மண்ணை வாரிக்கொண்டு எழுவதைப் பார்த்தார். கூட வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் குதிரையைப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போய், சாட்டையால் அதை அடித்துக்கூடப் பார்த்தார். சாட்டைக்கு அது கலையவில்லை. ஆனால் அது எப்படி நகர்ந்தது, எதை வாரிச் சென்றது என்பதையெல்லாம் நண்பருக்குக் கடிதமாக எழுதி வைத்தார்.

நம் காலத்துக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் ஓக்லஹோமாவில் நார்மன் நகரத்து அரசு ஆய்வகம், பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து டொர்னாடோவைத் தேடிக் கார்களை அனுப்பத் தொடங்கியது. 1973 மே 24 அன்று யூனியன் சிட்டி என்ற சிற்றூரில் ஒரு டொர்னாடோ பிறந்ததிலிருந்து அடங்கியதுவரை அவர்கள் படமெடுத்தார்கள். அதே நேரத்தில் நார்மனில் இருந்த டாப்ளர் ரேடாரும் அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டையும் நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிட்டார்கள். டொர்னாடோ ரேடாரில் எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. இன்று நாடு முழுவதும் நிற்கும் டாப்ளர் ரேடார்களுக்கு அடித்தளம் போட்ட வேலைகளில் அதுவும் ஒன்று. தரையில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால், ரேடாரில் தெரிந்த அந்தக் குறிக்கு அர்த்தம் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ரேடாரைக் காட்டி 'கார் எதற்கு' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

1980-களில் 'டோட்டோ' என்று பெயரிட்ட ஒரு கருவியைச் செய்தார்கள். பீப்பாய் போன்ற உருவம், நூறு கிலோவுக்கு மேல் எடை. டொர்னாடோ வரும் பாதையில் வண்டியில் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். சில ஆண்டுகள் அலைந்தார்கள். 1984-ல் ஒரு டொர்னாடோவின் ஓரக் காற்று அதன்மேல் பட்டது. டோட்டோ குப்புற விழுந்தது. 1987-க்குப் பிறகு அதை ஓரங்கட்டிவிட்டார்கள். 1996-ல் வந்த 'ட்விஸ்டர்' படத்தில் வரும் 'டோரதி' என்ற கருவி இதைப் பார்த்து உருவாக்கியதுதான். படத்தில் அது வெற்றி பெற்றது.

உண்மையான முன்னேற்றம் வந்தது இன்னும் சாதாரணமான ஒரு யோசனையால். 1994, 1995 ஆண்டுகளில் எரிக் ராஸ்முசென் தலைமையில் 'வோர்டெக்ஸ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதற்காகப் பல சாதாரணக் கார்களின் கூரைமேல் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதில் காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் அளக்கும் கருவிகளை வைத்தார்கள். டொர்னாடோவுக்குள் புக வேண்டாம். அதைச் சுற்றி, மேகத்தின் அடியில் பல பக்கங்களிலும் ஓட்டிக்கொண்டே அளக்க வேண்டும். ஓடும் வானிலை நிலையங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டதுபோல் நேரான கிராமச் சாலைகள் இருப்பதும் வசதியாகப் போயிற்று.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் சங்கடம் தெரியும். எங்களைப் போல் அளவெடுத்துப் பிழைத்தவர்களுக்கு இதைப் படிப்பதில் ஒரு தனி ருசி உண்டு. உங்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் காற்று. காற்றே இல்லாத நாளில் நீங்கள் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், கூரைமேல் உள்ள விசிறி 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று சொல்லும். அது காரின் வேகம், காற்றின் வேகம் அல்ல. ஆகவே கார் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்று திசைகாட்டியும் ஜிபிஎஸ் கருவியும் ஒவ்வொரு நொடியும் குறித்துக்கொண்டே வரவேண்டும். அதைக் கழித்தால்தான் உண்மையான காற்று கிடைக்கும். திருப்பத்தில், திடீரென்று பிரேக் போடும்போது, வேகமெடுக்கும்போது வரும் அளவுகளைப் பிறகு பார்த்துத் தள்ளிவிட வேண்டும். காரின் உடம்பே காற்றைக் கிழித்து மேலே தூக்குவதால், அந்தக் கலக்கம் படாத உயரத்தில் விசிறியை வைக்க வேண்டும்.

அடுத்து வெப்பம். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குத் தெரியும். கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெப்பமானியின் நுனியில் ஒரு மழைத்துளி பட்டாலும் அதே கதைதான். காற்றின் சூட்டைக் காட்டாமல், தான் நனைந்து குளிர்ந்ததைக் காட்டும். வெயில் பட்டால் கூடுதலாகக் காட்டும். ஆகவே மழையும் வெயிலும் புகாத வளைந்த குழாய்க்குள் அதை வைத்து, சிறு மின்விசிறியால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறார்கள். அழுத்தம் அளப்பதிலும் இப்படி ஒரு தொல்லை. வேகமாக வீசும் காற்று அளவியின் வாயில் மோதினாலே அளவு மாறிவிடும். அதற்கென்று தனி வடிவத்தில் ஒரு முகப்பு செய்தார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. கருவியே இரண்டு டிகிரி பொய் சொன்னால் ஆராய்ச்சி எங்கே? இன்னொரு கணக்கும் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடிக்கு ஒரு முறை அளந்தால், ஏறத்தாழ 17 மீட்டருக்கு ஓர் அளவு. ஒரு கிலோமீட்டருக்கு 60 அளவுகள். நிலையான நிலையங்களில் 30 கிலோமீட்டருக்கு ஒன்று என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தக் கார்கள் கொண்டுவந்த செய்திதான் இந்தக் கட்டுரையின் உயிர். சுழலும் பெரிய இடிமேகத்தின் பின்பக்கத்தில் ஒரு காற்று கீழே இறங்கும். மழை ஆவியாகிக் குளிர்ந்த காற்று அது. டொர்னாடோ உருவாவதில் அந்தக் காற்றுக்குப் பங்கு உண்டு என்று முன்பே தெரியும். ஆனால் தரையில் அது எப்படி இருக்கிறது என்று யாரும் போதுமான அளவு அளந்ததில்லை. பால் மார்கோவ்ஸ்கி, ஜெர்ரி ஸ்ட்ராக்கா, ராஸ்முசென் மூவரும் பல மேகங்களில் கார்கள் எடுத்த அளவுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டொர்னாடோ இறக்கிய மேகங்களில் அந்த இறங்கு காற்று அவ்வளவாகக் குளிர்ந்திருக்கவில்லை. இறக்காத மேகங்களில்தான் அது அதிகம் குளிர்ந்திருந்தது.

காரணம் நம்மைப் போன்றவர்களுக்கும் புரியக்கூடியதே. குளிர்ந்த காற்று கனமானது. ரொம்பக் குளிர்ந்துவிட்டால் தரையில் படுத்துவிடும். மேலே இழுத்தாலும் எழாது. ஓரளவு சூடு மிச்சமிருந்தால்தான் மேகத்தின் மேலிழுப்புக்கு அது இணங்கி எழும். எழும்போது, அதில் இருக்கும் மெல்லிய சுழற்சி ஒடுங்கி வேகமெடுக்கும். தொட்டியின் அடைப்பைத் திறந்தால், ஓட்டையை நெருங்க நெருங்கத் தண்ணீர் வேகமாகச் சுழல்கிறது அல்லவா, அதுபோல. சில டிகிரி வித்தியாசம். அதில் ஒரு தெரு தப்பிப்பதும் அழிவதும் இருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் அந்த வித்தியாசத்தை மேகத்துக்கு அடியில் புகுந்து அளந்து சொல்லியிருக்க முடியாது.

இதே காலத்தில் ஜோஷுவா வர்மன் என்பவர் ரேடாரையே லாரியில் ஏற்றினார். 1995-ல் தொடங்கிய அந்த 'சக்கரத்தில் ஓடும் டாப்ளர்' லாரி, 1999 மே 3 அன்று ஓக்லஹோமா நகரத்தை ஒட்டிய பகுதிகளை அழித்த டொர்னாடோவில் மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகக் காற்றை அளந்தது. நம் ஊரில் வீடுகளைச் சாய்க்கும் பெரும்புயலின் வேகத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

லாரி ரேடார்களால் இன்னோர் உண்மையும் வெளிவந்தது. டொர்னாடோவின் பலத்தை அது விட்டுச் சென்ற சேதத்தைப் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். வெறும் கோதுமை வயலில் போன டொர்னாடோ எதை உடைக்கும்? ஆகவே அது பலவீனமானது என்று பதிவாகிவிடும். பல ஆண்டு லாரி ரேடார் அளவுகளைத் தொகுத்து 2021-ல் வர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, டொர்னாடோக்கள் சேதக் கணக்கு சொல்வதைவிட ஒரு படிக்கு மேலேயே பலமானவை, அகலமானவை என்று காட்டியது. பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ கட்டுகிறவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. எதற்குத் தாங்குமாறு கட்டுவது என்ற கணக்கே அதில் இருக்கிறது.

இனி மறுபக்கம். இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. டிம் சமாரஸ் என்ற பொறியாளர், ஆமை ஓடு போன்ற தட்டையான கருவிகளைச் செய்து டொர்னாடோவின் பாதையில் வைத்துவிட்டு விலகுவார். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் என்ற இடத்தில் அவர் வைத்த கருவியின் மேலேயே டொர்னாடோ கடந்தது. அழுத்தம் 100 மில்லிபார் இறங்கியதைக் கருவி பதிவு செய்தது. மலையில் 900 மீட்டர் ஏறினால் குறைகிற அழுத்தம், நின்ற இடத்திலேயே சட்டென்று குறைந்திருக்கிறது. டோட்டோவால் முடியாததை அவர் சாதித்தார். நிதானமானவர் என்று சக ஆராய்ச்சியாளர்களிடம் பெயரெடுத்தவர். ஆனால் 2013 மே 31 அன்று எல் ரெனோ என்ற ஊருக்கு அருகே, நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகலமாகப் பெருத்துத் திசை மாறிய ஒரு டொர்னாடோவில் அவரும், அவர் மகன் பாலும், கூட்டாளி கார்ல் யங்கும் காரோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அன்று அந்த டொர்னாடோவில் இறந்த எட்டுப் பேருமே வாகனங்களில் இருந்தவர்கள்.

சாலையும் லேசுப்பட்ட ஆபத்து அல்ல. 2022 ஏப்ரலில் டொர்னாடோ பார்க்கப் போய்விட்டுத் திரும்பிய ஓக்லஹோமா பல்கலைக்கழக வானிலை மாணவர்கள் மூவர், மழை நனைத்த நெடுஞ்சாலையில் விபத்தில் இறந்தார்கள். மேகம் அவர்களைத் தொடவில்லை. படிக்கும்போதே பெற்றவர்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இதனால்தான் நான் இரண்டு வகைப் பயணங்களைப் பிரித்துப் பார்க்கிறேன். இன்று ஒரு பெரிய இடிமேகம் எழுந்தால், கைப்பேசியில் படமெடுத்துக் காசு பார்க்கவும், நண்பர்களிடம் பெருமை பேசவும் நூற்றுக்கணக்கான கார்கள் அந்தக் குறுகிய கிராமச் சாலைகளில் குவிகின்றன. ஆம்புலன்ஸ் போக வழியில்லை. ஆய்வு வண்டி திரும்ப வழியில்லை. ஊரைவிட்டு ஓடுகிறவனுக்கும் வழியில்லை. இதை நான் ஆதரிக்கவில்லை. வேடிக்கை பார்ப்பதற்கும் அளந்து எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. வெள்ளத்தின்போது பாலத்தில் நின்று பார்க்கும் கூட்டத்தையும், அதே பாலத்தில் அளவுகோலைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் லஸ்கரையும் நாம் ஒன்றாக எண்ணுவோமா?

உண்மையில் ஆய்வுக் கார்களின் பெரும்பாலான வேலை, டொர்னாடோவுக்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான். மேலே சொன்ன சூட்டு வித்தியாசம் தெரிந்ததும் டொர்னாடோவுக்குள் புகுந்ததால் அல்ல. அதைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுமையாக அளந்ததால். ஆகவே ஆபத்தைக் குறைக்க வழி இருக்கிறது. நெருங்கிப் போவதைப் பெருமையாகக் கொள்ளாமல், எவ்வளவு நெருக்கம் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்குமேல் போகாமல் இருக்க வேண்டும். இரவில் போகக் கூடாது. ஓட்டுகிறவர் ஓட்ட மட்டும் செய்ய வேண்டும், கருவியைப் பார்ப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒழுங்குள்ள குழுக்களுக்குத்தான் அரசு பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009, 2010 ஆண்டுகளில் நடந்த இரண்டாவது வோர்டெக்ஸ் ஆய்வில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், சுமார் 40 வாகனங்கள். செலவு ஏறத்தாழ 1.2 கோடி டாலர். 2009-ல் ஐந்து வாரம் மாநிலம் மாநிலமாக அலைந்தும், வானம் ஒத்துழைக்கவில்லை. ஜூன் 5 அன்று வயோமிங் மாநிலத்து கோஷென் மாவட்டத்தில்தான் ஒரு டொர்னாடோ முழுதாகச் சிக்கியது. 'நாற்பது வண்டி போய் ஒன்றே ஒன்றா' என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ஒன்றை, பிறப்பதற்கு முன்பிருந்தே பல திசைகளிலிருந்தும் அளந்துவிட்டார்கள். இன்றுவரை அந்த அளவுகளை வைத்து ஆய்வு நடக்கிறது. ஜாப்ளின் டொர்னாடோவில் மட்டும் ஏற்பட்ட இழப்பு சுமார் 280 கோடி டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்து வார அலைச்சல் அதிகமாகத் தெரியவில்லை.

'இத்தனை செய்தும் தவறான எச்சரிக்கை இன்னும் குறையவில்லையே' என்பது கடைசி ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. எச்சரிக்கைக்கும் டொர்னாடோவுக்கும் இடையே கிடைக்கும் சராசரி நேரம் இன்றும் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. நான்கில் மூன்று என்ற பங்கும் பெரிதாக இறங்கிவிடவில்லை. காரணம், கார் அளந்து தெரிந்துகொண்ட விஷயம் எச்சரிக்கை கொடுக்கும் அதிகாரியின் மேசைக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. ஒவ்வொரு மேகத்தின் அடியிலும் கார் நிறுத்த முடியாது. அந்த அறிவு கணினி மாதிரிகளின் வழியாகத்தான் போக வேண்டும். மழை எவ்வளவு ஆவியாகும், காற்று எவ்வளவு குளிரும் என்பதில்தான் அந்த மாதிரிகள் அடிக்கடி தடுமாறுகின்றன. அவை போடும் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கார்கள் எடுத்த அளவுகளே கையில் இருக்கின்றன. மெதுவான வேலை. ஆனால் அளவே இல்லாமல் கணினி எவ்வளவு வேகமாக ஓடினால்தான் என்ன?

இது அமெரிக்கக்காரர்கள் கவலை மட்டும் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உலகத்திலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோன டொர்னாடோ விழுந்தது ஓக்லஹோமாவில் அல்ல, வங்கதேசத்தில். 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் பகுதியில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். சித்திரை, வைகாசியில் வங்காளத்தில் அடிக்கும் 'கால்பைசாகி' இடிமழையின் கோரமான வடிவம் அது. நம் நாட்டு அறிவியலாளர்களும் கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் 'ஸ்டார்ம்' என்ற பெயரில் கடும் இடிமழைகளை ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அண்டை நாடுகளும் அதில் சேர்ந்தன. 2018-ல் அமெரிக்க லாரி ரேடார்களும் ஆய்வுக் கார்களும் அர்ஜென்டினாவின் கோர்டோபாவரை போய் அங்குள்ள இடிமேகங்களை அளந்தன. மேகத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. ஓரிடத்தில் கண்டுபிடித்த பௌதிகம் இன்னோரிடத்திலும் உதவும்.

அதற்காக, நாளைக்கே நம் கிராமச் சாலைகளில் வண்டி கட்டிக்கொண்டு இடிமேகத்தின் பின்னால் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள், மரத்தடியில் ஒதுங்குகிறவர்கள். இங்கே முதல் தேவை, எச்சரிக்கை வந்ததும் உள்ளே போவது. ஆனால் அந்த எச்சரிக்கையை மக்கள் நம்ப வேண்டுமே! நம்பிக்கை சும்மா வராது. சொன்னது நடக்க நடக்கத்தான் வரும். சொன்னது நடக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேகத்தின் காலடிவரை போய், நனையாத வெப்பமானியில் ஒரு டிகிரி வித்தியாசத்தை அளந்து எழுதிக்கொண்டு வரவேண்டும்.

அடுத்த தடவை டொர்னாடோவுக்குப் பக்கத்தில் ஒரு கார் ஓடும் படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், சுழலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காரின் கூரையைப் பாருங்கள். கூரைமேல் ஒரு சட்டமும், ஒரு சிறு விசிறியும், வளைந்த குழாயும் தெரிந்தால், உள்ளே இருப்பவர்கள் பத்திரமாக வீடு திரும்பட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லாத வெறும் கூரை என்றால், அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.